பின்கண்ணாடியில் தண்ணீர்

ஷ்லீரன் நகரத்துப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நாலு மணி வெயில் சாய்ந்து கிடக்கிறது. முன்மூக்கை லொறியின் முதுகில் ஏற்றி இழுத்துப்போகும், சக்கரங்களில் ஓடும் நீண்ட வண்டிவீடு ஒன்று வேலை முடிந்து நிற்கிறது. அதன் பின்சுவர் முழுவதும் அகன்ற ஒரே கண்ணாடி. ஒழுகினால் அங்கேதான் ஒழுகும் என்பதால், வரதராசா உள்ளே முழந்தாளிட்டு, றப்பர் பதித்த கண்ணாடிச் சட்டத்தின் மூலைகளை விரலால் தடவிப் பார்க்கிறான். வெளியே சிவமலர் குழாயால் தண்ணீர் அடிக்கிறாள். அவளுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாளைக் காலை ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம். இந்தச் சோதனை முடிந்ததும் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்று மாதமாய்ச் சொல்ல நினைத்ததை அவன் இன்னும் சொல்லவில்லை. வழியும் தண்ணீருக்குப் பின்னால் அவள் முகம் கலைகிறது, மறுபடி கூடுகிறது. “ஒழுகுதோ?” என்று அவள் உரத்துக் கேட்கிறாள். அவன் விரல்கள் உலர்ந்தே இருக்கின்றன. “ஓம், மலர். இடப்பக்கம் கொஞ்சம் கசியுது. இன்னும் அடியுங்கோ.” “நான் வைச்ச றப்பரிலையோ? விசர்க்கதை கதையாதேங்கோ!” என்று அவள் சிரிக்கப் பார்க்கிறாள். ஆனாலும் தண்ணீரை நிறுத்தவில்லை. குழாயை இடப்பக்கம் திருப்பி, அவன் முகத்துக்கு நேரே வந்து, பிடித்தபடியே நிற்கிறாள்.