கீழ கேக்கணும்

"இதுல எது சத்தம் நல்லா கேக்கும்?"

தரை போடுற எங்க கடைக்கு வர்ற எல்லாரும் சத்தம் கேக்காத ஷீட்டத்தான் தேடுவாங்க. இந்தம்மா தலைகீழா கேட்டுது. பேரு அஞ்சலாட்சி. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். சண்டைக்கு வந்த மாதிரியே நின்னுக்கினு இருந்துது.

வைசியாள் தெருவாண்ட பழைய மாடி வீடு. மாடித் தரை முழுக்க மரப்பலகை. பலகை சந்துல மண்ணு உதிர்ந்து கீழ் வீட்டு சோத்துல விழுதுன்னு தெருவுல நின்னு சண்டையாம். பிரான்ஸ்ல இருக்குற புள்ள, பலகை மேல லேமினேட் தரை போட்டுடுன்னு போன்லயே முடிவு பண்ணிட்டான். பலகைக்கும் லேமினேட்டுக்கும் நடுவுல ஒரு ஷீட்டு விரிக்கணும். அத எடுக்கத்தான் வந்திருந்துது.

நான் ரெண்டு வெச்சேன். ஒண்ணு வெள்ளை ஃபோம், அப்பளம் கனம். இன்னொண்ணு கறுப்பு ரப்பர், ஊத்தப்பம் கனம். ரப்பரப் போட்டா மேல யானை நடந்தாலும் கீழ தூங்கலாம்னு சொன்னேன்.

ரெண்டு மேலயும் பலகைய வெச்சி ஏறி மிதிச்சிப் பாத்துது. மிதிச்ச மிதியில, யாருக்கோ சாமி வந்துடுச்சின்னு முதலாளி எழுந்து நின்னுட்டாரு.

"வெள்ளையே குடு. கீழ ஒருத்தி இருக்கா. நான் நடக்குறது அவ மண்டையில எறங்கணும்."

பழைய பலகை மேடும் பள்ளமுமா இருக்கும், ரப்பர்தான் நல்லதுன்னு சொல்லிப் பாத்தேன். நடக்கப்போறது நீயா நானான்னு கேட்டுது. வெள்ளையையே சுருட்டிக் கட்டுனேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். கீழ இருக்குறது வேற யாருமில்ல, அதோட ஓரகத்தி வீராயி. புருஷன்மாருங்க அண்ணன் தம்பி. ரெண்டு பேருமே போய்ச் சேந்துட்டாங்க. பாகம் பிரிச்சதுல மாடி இதுக்கு, கீழ அதுக்கு. அன்னிலேர்ந்து பேச்சு கெடையாது, ஏச்சு மட்டும்தான்.

நான் ஆடுற பலகைங்கள ஆணி அடிச்சி இறுக்கிக்கினு இருந்தேன். அஞ்சலாட்சி சமையக்கட்டுக்கும் வாசலுக்கும் தங்கு தங்குன்னு நடக்குது. ஒரு டம்ளர் தண்ணி எடுக்க ஒரு பட்டாளமே போற மாதிரி. கொஞ்சம் மெதுவா நடங்களேன்னேன். வேலைய மட்டும் பாருன்னு மொறச்சிது.

பலகை சந்து வழியா எட்டிப் பாத்தேன். கீழ வீராயி அரிசி பொடச்சிக்கினு இருந்துது. மேல ஒவ்வொரு மிதிக்கும் மொறத்துல மண்ணு. அண்ணாந்துகூட பாக்கல. தட்டிட்டு மறுபடியும் பொடச்சிது.

எனக்குப் பத்திக்கினு வந்துது. இது இன்னா ஜென்மம். புருஷன் செத்து ஒண்டியா கெடக்குறவ தலையில தெனம் ஏறி மிதிக்கிறதுக்கு, புள்ள பிரான்ஸ்லேர்ந்து புதுத் தரை வேற போட்டுத் தர்றான்.

வண்டியில வேற வீட்டு வேலையில மிஞ்சின ரப்பர் ரோல் கெடந்துது. மேல லேமினேட்ட மூடிட்டா அடியில வெள்ளையா கறுப்பான்னு எவன் பாக்கப் போறான். அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டுக்குக் கெளம்புனதும் ரோல தோள்ல போட்டுக்கினு கீழ் வீட்டு வாசல்ல போய் நின்னேன்.

"யம்மா, கவலைய விடுங்க. அது வாங்குனது சத்தம் போடுற ஷீட்டு. நான் திருட்டுத்தனமா இதப் போட்டுடறேன். இனிமே அது குதிச்சாகூட உங்களுக்குக் கேக்காது."

கையெடுத்துக் கும்பிடும்னு நெனச்சேன். மொறத்த ஓங்கிக்கினு வந்துது.

"உன்ன யார்ரா கேட்டது?"

உங்களுக்காகத்தான்னு இழுத்தேன்.

"எனக்காகவா? போன மழையில அவ சுகர் எறங்கி மேல மயங்கிக் கெடந்தா. காலையில விழுந்தவ. சாயங்காலம் பால்காரன் போய்ப் பாத்துட்டு ஓடியாந்து சொன்னான். நேர் அடியில உக்காந்துக்கினு இருந்தேன், எனக்குத் தெரியல. அப்பல்லாம் அவ நடக்குறதே கேக்காதுடா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கித்தான் இந்த நடை ஆரம்பிச்சா. சத்தம் நின்னா நான் மேல ஏறணும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அப்படின்னா ரெண்டு பேரும் பேசிக்கலாமேன்னு கேட்டுட்டேன்.

"அவகூடவா? எனக்கு இன்னா சூடு சொரணை இல்லியா? போ. போயி அந்த வெள்ளையே போடு."