சாட்சிக்கு வந்த தம்பி

வக்கீலம்மாவின் மேசைமேல் மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு கோடு கோடாக விழுகிறது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணன் தன் உயிலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பாவின் சைக்கிள் கடையைப் பாகம் பிரித்ததிலிருந்து அவனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் இருவர் நகக்கண்ணிலும் ஒரே கிரீஸ் கறுப்பு. அண்ணி கூப்பிட்டாள் என்பதற்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருக்கும் தம்பி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மைப்பேனாவைத் திறக்கிறான். வக்கீலம்மா தாளின்மேல் உள்ளங்கையை வைக்கிறார். “நீங்க போடக்கூடாதுங்க. உயில்ல பேர் இருக்கறவங்க சாட்சியா நிக்க வேணாம்.” “என் பேரா?” “இவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆச்சுன்னா, பிள்ளைங்க உங்க பொறுப்புன்னு எழுதியிருக்கே.” தம்பி திரும்பி அண்ணியைப் பார்க்கிறான். “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அண்ணி?” “உங்க அண்ணன் வாயால சொல்லட்டும்னுதான் இருந்தேன்.” விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. திறந்த பேனா தம்பியின் விரல்களுக்கிடையில் அப்படியே நிற்கிறது. அண்ணன் விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறான்: “மூடியப் போடுடா. மை காஞ்சிடப் போகுது.”