பல் தடம்

மகனுடைய முன்னங்கையில் பல் தடம் கன்றிப்போய்க் கிடந்தது. எதிர்வீட்டு வசந்தியை அவன் பலவந்தம் செய்தபோது அவள் கடித்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்தவள் அவள். தடத்திலும் அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு யார் சொன்ன சமாதானமும் பிச்சாண்டியின் காதில் ஏறவில்லை.

அடுப்பில் தோசைக்கரண்டி சிவக்கப் பழுத்துக்கொண்டிருந்தது. "தடத்து மேலாப்புல ஒரே இழுப்பு, பல்லு பதிஞ்சதே தெரியாது. பைக்கு சைலன்சர் சுட்டுருச்சுன்னு சொன்னா எந்தப் போலீசு என்ன கேக்கப் போறான்? மச்சான், நீங்க கையை மட்டும் அமுக்கிப் பிடிங்க," என்றான் மைத்துனன் தவசி.

"பத்தொம்பது வயசுங்க, அவன் வாழ்க்கையே போயிரும்," என்று மனைவி அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அவ வயசு என்னடி?" என்றார் பிச்சாண்டி.

தவசி கரண்டியோடு வந்தான். பிச்சாண்டி அதன் பழுத்த பக்கத்தையே பிடித்துப் பிடுங்கினார். சதை பொசுங்கும் வாடை அடித்தது. மறுபடி பாய்ந்தவன் வாயில் அதனாலேயே ஓங்கி ஒன்று போட்டார். அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு சுவரோரம் சரிந்தான்.

மகனின் கடிபட்ட கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்.

"விடுப்பா, வலிக்குது."

"வலிக்கட்டும். ஸ்டேஷனுக்கு நட."

பட்டப்பகலில் தெருவே நின்று பார்த்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வெந்த உள்ளங்கைத் தோல் உரிந்து மகனின் கையோடு ஒட்டியது. அப்போதும் ஒரு விரல்கூட அந்தத் தடத்தின்மேல் படாமல்தான் பிடித்திருந்தார்.