முப்பதே நாளில்

"விடாதே! இன்னும் பத்து! வலிச்சா நல்லதுன்னு நினை!"

செல்போனில் எவனோ கத்த, ஹாலின் நடுவே தம்பி குதித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குதிப்புக்கும் அக்காவின் கட்டில் ஆடியது.

மணி காலை ஐந்தரை.

"டேய், கீழ் வீட்டுக்காரர் மறுபடியும் சண்டைக்கு வரப்போறாரு."

"அஞ்சே நிமிஷம்க்கா."

நாற்பத்தாறு வயது. ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் இருபது வருஷம் உட்கார்ந்து வளர்த்த தொப்பை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்குப் 'பூசணி' என்றுதான் பெயர். அந்தப் பூசணிக்குத்தான் திடீரென்று ஆசை வந்து, 'முப்பதே நாளில் புது உடம்பு' என்று ஏதோ ஒரு பயிற்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், ராத்திரிக்கு வெறும் வெள்ளரிக்காய். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். இவன் மோகத்தைக் கணக்காக முப்பதில் வைத்திருக்கிறான்.

ஆசைப்படட்டும், ஆனால் அதற்கு இதுவா நேரம் என்பதுதான் அக்காவின் ஆற்றாமை. அவளுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டு இரண்டு வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். முன்பெல்லாம் லீவு போட்டாவது நாலு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேசுவான். இப்போது கொண்டுபோய் விட்ட கையோடு ஓடிவிடுகிறான். பயிற்சிக்கு நேரமாகிவிட்டதாம்.

தம்பி மனைவியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நீயாவது சொல்லக் கூடாதாம்மா? இந்த வயசுல யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?"

"நான் சொன்னாக் கேக்குற ஆளா அண்ணி அவரு?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சரிதான், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி. நோயாளி அலுத்துப் போய்விட்டாள் போலிருக்கிறது. அன்றைக்கு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

இருபத்து நாலாம் நாள் காலையில் செல்போன் கத்தவில்லை. தம்பியால் கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. தொடை இரண்டும் கல் மாதிரி வீங்கிக் கிடந்தன. சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனதாக மனைவியிடம் சொன்னான். மனைவியும் அக்காவும் அவனை அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அக்காவுக்கு வைத்தியம் பார்க்கும் அதே டாக்டர்தான். பரிசோதனை முடிவுகளைப் பார்த்ததும் கத்தினார்.

"உடம்பை என்னன்னு நினைச்சீங்க? தசையெல்லாம் சிதைஞ்சு, அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சிருச்சு. இவ்வளவு வேர்வை போயிருக்கு, தண்ணியாவது குடிக்க வேண்டாமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்காவுக்கு நாள் முழுக்க மூணு டம்ளர்தான் டாக்டர். அவங்க நாக்கு வறண்டு உக்காந்திருக்கும்போது எதிர்ல நின்னு எப்படிக் குடிக்கிறது? எங்க வீட்ல யாரும் அவங்க கண் முன்னாடி குடிக்க மாட்டோம். அப்புறமா குடிக்கலாம்னு குளிக்கப் போவேன். வேலைக்குக் கிளம்புற அவசரத்துல மறந்துடும்."

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடித்துத் தான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது.

மறுநாள் அவளுக்கு டயாலிசிஸ். பக்கத்துப் படுக்கையில் தம்பி. இரண்டு பேருக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளால் தாங்க முடியவில்லை. துக்கம் கோபமாகத்தான் வந்தது.

"சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தியேடா! என் வியாதிதான் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டியா? கழுதை வயசாச்சு, இனிமே மாப்பிள்ளைக் கோலமா போடப் போற?"

தம்பி மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கால்மாட்டில் நின்ற அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஃபைலோடு நர்ஸ் வந்தாள்.

"சார், வர்ற திங்கக்கிழமை உங்களுக்குக் கிட்னி தானத்துக்கான கடைசி டெஸ்ட் வச்சிருந்தோம். இனிமே உங்ககிட்டேருந்து எடுக்க முடியாதுன்னு டாக்டர் எழுதிட்டாரு. ஒரு கையெழுத்து மட்டும் வேணும்."

அக்கா திகைத்துப்போய்த் தம்பியையும் அவன் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நர்ஸுக்கே மனசு கேட்கவில்லை.

"எடை குறைஞ்சாத்தான் எடுப்போம்னு சொன்னது வாஸ்தவம்தான். ஆனா தினம் நடங்க, ஆறு மாசத்துல மெதுவா குறைங்கன்னுதானே சார் சொன்னோம்?"

"ஆறு மாசம் அக்கா தாங்கணுமேம்மா" என்றான் தம்பி.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்காக இந்த வீட்ல யாரும் உடம்பைக் கிழிச்சுக்கக் கூடாதுன்னு கிட்னி போன அன்னைக்கே சொன்னேனேடா பாவி..."

"அதான் உன்கிட்ட சொல்லல."

வீங்கிய விரல்களில் பேனா நிற்கவில்லை. எப்படியோ கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தான்.

"மன்னிச்சுடுக்கா. இன்னும் ஒண்ணரைக் கிலோதான் பாக்கி இருந்துச்சு."