நூற்று நாற்பது மில்லிவோல்ட்

“ஃபெயில்” என்றார் வேங்கடசுப்ரமணியன். சாம்பிளைச் சோதிக்க ஈசிஜி மெஷின் கம்பெனி அனுப்பிய ஆள்.

சைனபுக்கு ரத்தம் தலைக்கேறியது. எட்டு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அவள் வடிவமைத்த பவர் சப்ளை அது. ஈசிஜி மெஷினுக்குள் போகிற சின்னப் பெட்டி. நொடிக்கு லட்சம் தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகித்தான் கரண்டைப் பதமாக்கித் தரும். அந்தப் படபடப்பு கொஞ்சம் வெளியே கசிந்தாலும் நோயாளியின் இதயக் கோடு காகிதத்தில் நடுங்கும். கசிவு முப்பது மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிஷன்.

அவர் கொண்டுவந்த அளவுக் கருவியான ஸ்கோப்பின் திரை நூற்று நாற்பது காட்டியது.

“அப்பவே நெனச்சேன். தாராவியில தோல் பை தைப்பா, ஒத்துக்கறேன். கசிவில்லாத லோ நாய்ஸ் பவர் சப்ளை பண்ற எடமா இது?”

“சார், இன்னொரு தடவை அளந்து பாருங்க.”

“எத்தனை தடவை அளந்தாலும் அதேதாம்மா வரும். முப்பது வருஷமா இதைத்தான் அளந்துண்டிருக்கேன். நீங்க டிப்ளமாதானே?”

“டிப்ளமாதான். அதுக்கு என்ன இப்போ?”

கணவன் அப்துல் ரவூப் அவள் காதோரம் குனிந்தான். பட்டறை அவன் பேரில் இருந்தது. தைரியம் முழுக்க அவள் பேரில்.

“வுடு புள்ள. பெரிய கம்பெனி. சண்டை போட்டா நம்ம பேரையே லிஸ்ட்ல இருந்து அடிச்சிருவாங்க.”

“சண்டை போடாட்டா மட்டும் வெத்தலை பாக்கு வச்சா கூப்பிடப் போறாங்க? நீங்க சும்மா இரிங்க.”

அவள் சொன்னது நிஜம். சாம்பிளுக்கு ஒரே வாய்ப்புதான். இன்று தேறாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். எட்டு மாத உழைப்பு பரணுக்குப் போய்விடும்.

சைனப் அவருடைய சோதனைக் கம்பியைக் கையில் எடுத்தாள். ஒரு பக்கம் ஊசிமுனை. இன்னொரு பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு ஒயர், அதன் நுனியில் கிளிப்.

“சார், முனையையும் கிளிப்பையும் சேத்து ஒரே எடத்துல வைக்கேன். ஒரே எடத்துல எத்தனை வோல்ட்டு காட்டணும்?”

“இதென்ன கேள்வி? ஜீரோ.”

“இப்போ படிங்க.”

திரை நூற்று இருபது என்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நூற்று இருபது அசையவில்லை.

“மேல் மாடியில ஜரிகைத் தையல் மெஷின் ஓடுது. பக்கத்துக் கடையில வெல்டிங். அவ்வளவையும் இந்த நீள ஒயரு ஏரியல் மாதிரி புடிச்சு உங்க ஸ்கோப்புக்குக் குடுக்கு. என் பெட்டி மேல ஏன் சார் பழி போடுதீங்க?”

கருப்பு ஒயரைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். ஊசிமுனையின் கழுத்தில் செம்புக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை நகத்தின் நீளத்துக்கு மட்டும் நீட்டிவிட்டு, பெட்டியின் வாயிலேயே வைத்து அளந்தாள்.

பதினெட்டு.

“யா அல்லாஹ்” என்றான் அப்துல் ரவூப்.

வேங்கடசுப்ரமணியனின் முகம் சுண்டிப்போயிருந்தது. ஃபைலைத் திறந்து, சிவப்புப் பேனாவை எடுத்து, ரிப்போர்ட்டில் எழுத ஆரம்பித்தார். நடுவில் ஒரு வார்த்தை மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தாலும் சைனபால் படிக்க முடிந்தது.

ஃபெயில்.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

“கண்ணால பாத்த பெறகுமா சார்? தாராவி அட்ரஸைப் பாத்தா கை தானா ஃபெயிலுன்னு எழுதுதோ? இதே பெட்டியை அந்தேரி மாதிரி பெரிய ஏரியாவுல செஞ்சிருந்தா பாஸ் போட்டிருப்பீங்க! இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க ஆபீஸ் வாசல்ல வந்து அளந்து காட்டுவேன். அத்தனை பேரும் பாக்கட்டும்!”

அப்துல் ரவூப் கையைக் கூப்பிவிட்டான். “சார், அவ கோவத்துல பேசுதா. மனசுல வச்சுக்காதீங்க.”

“பேசட்டும்” என்றார் அவர். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “படிச்சுட்டு அப்புறமாத் திட்டுங்கோ.”

சைனப் அதை வெடுக்கென்று இழுத்துப் படித்தாள்.

‘பவர் சப்ளை: பதினெட்டு மில்லிவோல்ட், பாஸ். அளந்த விதம்: ஃபெயில். இதே ஒயரால் அளந்து இந்த மாதம் நான் ஃபெயில் என்று தள்ளிய நாலு பட்டறைகளின் சாம்பிளையும் திரும்ப அளக்க வேண்டும். அளக்கிற ஆள் நானாக இருக்க வேண்டாம்.’