கடைசிப் பக்கத்தைக் கிழித்தது யார்?

“கொலைகாரன் யாருன்னே தெரியாம எனக்குத் தூக்கம் போச்சு மேடம்!”

வாட்ச்மேன் புத்தகத்தை நூலகர் அம்மாவின் மேஜையில் தொப்பென்று போட்டார். ராத்திரி டியூட்டி முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராகக் கிளை நூலகத்துக்கு வந்திருந்தார்.

“ஏன் தம்பி, தூங்குறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?” என்றார் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“பகல்லயாவது தூங்கணும்ல அக்கா! விடிய விடிய கேட் பக்கத்துல உக்காந்து படிச்சேன். பணக்காரன் செத்துக் கிடக்கான். சந்தேகம் டிரைவர் மேல, நர்ஸ் மேல, சித்தப்பா மேல. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சு, ‘கொலை செஞ்சது...’ன்னு ஆரம்பிக்கிறார். திருப்புறேன், அட்டை! கடைசிப் பக்கத்தை எவனோ கிழிச்சுட்டான்.”

“இதுலயுமா?” என்றார் தையல்காரம்மா.

கொஞ்ச நாளாகவே இதே கூத்து. துப்பறியும் நாவல் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் காணோம். முன்பெல்லாம் புத்தகம் வாங்கியதும் வாசலோடு போய்விடுகிறவர்கள், இப்போது முடிவு தெரியாமல் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

“மெதுவா பேசுங்க.” நூலகர் அம்மா கும்பிடாத குறைதான். “இன்னிக்குத் தலைமை ஆபீஸ்ல இருந்து அதிகாரி வர்றார். யாருமே வராத கிளைன்னு சொல்லி இதை மூடப் பாக்கறாங்க. அப்புறம் ஒரு புத்தகத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போகணும். போன தடவை அவர் வந்தப்போ உள்ள ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அவரும் குறட்டை விட்டுக்கிட்டு.”

“நான் கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன் மேடம்,” என்றார் வாட்ச்மேன்.

“எதுக்கு யோசனை? சித்தப்பாதான் கொன்னிருப்பான்,” தையல்காரம்மா தீர்ப்பே எழுதிவிட்டார்.

“எப்படிக்கா சொல்றீங்க?”

“எங்க சித்தப்பா மாதிரியே நைசா பேசுறான்.”

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு வக்கீல் குமாஸ்தா விருட்டென்று எழுந்தார். மேஜையில் ஓங்கி அறைந்தார். ‘அமைதி காக்கவும்’ பலகை ஆடிக் குப்புற விழுந்தது.

“சித்தப்பன் கிடக்கான்! பொதுச் சொத்தைக் கிழிச்சவன் எவன்? அவன் கையை ஒடிக்கணும்! கேமரா மாட்டுங்க மேடம்!”

“ஃபேனுக்கு ரெக்கை கேட்டு எழுதி எழுதியே அலுத்துட்டேன். கேமராவாம்!” நூலகர் அம்மா குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்காமல் பலகையை நிமிர்த்தி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே வந்தார். கையில் ஃபைல். முகத்தில், ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவு.

“என்ன இங்க சத்தம்?”

“கொலை சார்,” என்றார் வாட்ச்மேன்.

அதிகாரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார். புத்தகத்தில்தான் கொலை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதையைச் சொன்னார்கள். மூன்றும் மூன்று கதையாக இருந்தது.

“ஜன்னல் உள்பக்கமா பூட்டியிருந்துதா?” அதிகாரி கேட்டார்.

“ஆமா சார்.”

“அப்போ நர்ஸ்தான்.” உட்கார்ந்தார்.

“போங்க சார், நர்ஸ் அன்னிக்கு லீவு!” என்றார் தையல்காரம்மா.

“லீவு போட்டவங்களைத்தான்மா முதல்ல சந்தேகப்படணும். எங்க ஆபீஸ்ல வந்து பாருங்க.”

சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். டிரைவர் கட்சி, நர்ஸ் கட்சி, சித்தப்பா கட்சி என்று கூடம் பிரிந்தது. நாற்காலி போதவில்லை.

வெகுநேரம் கழித்து அதிகாரி எழுந்தார்.

“யாரும் வர்றதில்லைன்னு எவன் சொன்னான்? இதை மூடினா கலவரமே வரும் போலிருக்கே. கிளை தொடரட்டும்னு எழுதிடறேன்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “அடுத்த வாரமும் வருவேன். கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சா சொல்லி வைங்க.”

கூட்டம் கலைந்தது. குமாஸ்தா மட்டும் மிச்சம். நூலகர் அம்மா அவர் முன்னால் வலது கையை நீட்டினார்.

“ஒடிக்கிறதா இருந்தா ஒடிங்க சார். கிழிச்சது நான்தான். முடிவு தெரியலைன்னா நாலு பேர் உக்காந்து பேசுவாங்க, ஆள் நடமாட்டம் தெரியும்னு... பக்கமெல்லாம் பத்திரமா இருக்கு. இன்னிக்கே ஒட்டிடறேன்.”

குமாஸ்தா அசரவில்லை. “தெரியும்மா. ஸ்கேல் வெச்சு, பிளேடு போட்டு, இவ்வளவு ஒழுங்கா கிழிக்க இங்க வேற யாரால முடியும்?”

“தெரிஞ்சுமா கையை ஒடிக்கணும்னு அந்தக் கத்து கத்தினீங்க?”

“பின்ன? வாசல்ல அதிகாரியோட கார் வந்து நின்ன சத்தம் கேட்டுதே.”

நூலகர் அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “ஆனா சார், நான் கிழிச்சது மூணே மூணு புத்தகம். மிச்சத்தை எந்தப் பாவி கிழிச்சான்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

குமாஸ்தா சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஒட்டும்போது இதையும் சேர்த்து ஒட்டிடுங்கம்மா. தையல்காரம்மா பங்கு நாளைக்கு வந்துடும். வாட்ச்மேன் பங்குதான் வராது. அந்த மடையன் இந்தப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுக்கூடப் பாக்காம கிழிச்சு, தடயம் இருக்கக் கூடாதுன்னு கொளுத்திட்டானாம். எங்கள்ல அவன் ஒருத்தனுக்குத்தான் நெஜமாவே தூக்கம் போச்சு!”