நூறு பாகம்

"இடத்தைச் சொன்னாத்தான் பட்டியல்ல ஏறும்," என்றார் பாக்கியசீலன்.

ஆழ்கடல் சுரங்கத்தைத் தடுக்கும் சட்ட வரைவுக்காகக் கருத்துக் கேட்க வந்த குழுவின் தலைவர் அவர். பாளையங்கோட்டை மண்டபத்துக் கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும்.

உவரி மீனவர் இன்னாசி எழுந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார்.

பட்டியலில் ஏறிய இடத்தில் சுரங்க இயந்திரம் இறங்காது. தூண்டிலும் இறங்காது.

ஏறாவிட்டால், அந்தக் கடல்தரையை உறிஞ்ச ஒரு நிறுவனம் காத்திருந்தது. அங்கே வெறும் சேறுதான் என்றது அவர்கள் அறிக்கை.

சேறில்லை, 'பார்' என்று இன்னாசிக்குத் தெரியும். கடலுக்கடியில் ஒளிந்து நிற்கும் பாறைமேடு. நாற்பது வருஷமாக அவர் வீட்டுக்குச் சோறு போட்டது.

கல்யாணமான வருஷம் அவருடைய அப்பா அதைக் காட்டித் தந்தார். காட்டுமுன் சிலுவைமேல் சத்தியம் வாங்கினார். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லக் கூடாது.

"சொல்லும்வே! ஒம்ம பாரை நாங்க மடியிலயா கட்டிட்டுப் போகப்போறோம்?" பின்வரிசையிலிருந்து இன்னொரு மீனவன் எட்வின் கத்தினான். சிரிப்பு.

நாலு ஐம்பத்திரண்டு.

இன்னாசியின் மனைவி அமலோற்பவம் எழுந்தாள். வரைபடத்தோடு உட்கார்ந்திருந்த அதிகாரி ஜெசியைப் பார்த்தாள்.

"எழுதிக்கோ தாயி. பொதிகை மலை மகேந்திரகிரிக்குப் பின்னால முழுசா ஒளியணும். அதே நேர்ல கடலுக்குள்ள போகணும். போகப்போக மருந்துவாழ் மலை பைய முங்கும். கொண்டை மட்டும் தெரியுதப்போ ஈயக்குண்டை இறக்கு. நூறு பாகத்துல தட்டும்."

இன்னாசி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அப்பா சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை.

ஜெசி இரண்டு சிகரங்களையும் ஒரே கோட்டில் இணைத்து, கடல்வரை இழுத்தாள். மருந்துவாழ் மலை எவ்வளவு தூரத்தில் அடிவானத்துக்குக் கீழே மூழ்கும் என்று கணக்குப் போட்டு ஒரு வளைவு வரைந்தாள்.

கோடும் வளைவும் சந்தித்தன.

நிறுவனம் கொடுத்திருந்த ஆழ அளவுத் தாளை அதன்மேல் விரித்தாள். தொள்ளாயிரம் மீட்டர். தொள்ளாயிரத்துப் பத்து. தொள்ளாயிரத்து ஐந்து.

புள்ளி விழுந்த இடத்தில் ஒரே ஓர் எண் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 'கருவிக் கோளாறு' என்ற குறிப்பு.

நூற்றெண்பத்து மூன்று.

ஜெசி தன் இரண்டு கைகளையும் அகல விரித்துப் பார்த்தாள். அதுதான் ஒரு பாகம், ஆறடி. நூறால் பெருக்கி மீட்டராக மாற்றினாள்.

நூற்றெண்பத்து மூன்று.

வெளிச்சமே போகாத தண்ணீருக்குள் எழுநூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை நின்றுகொண்டிருந்தது. நிறுவனத்தின் ஆய்வுக் கப்பல் அதைக் கோளாறு என்று அடித்துவிட்டுப் போயிருந்தது. கயிறும் ஈயக்குண்டும் எப்போதோ அதைத் தொட்டிருந்தன.

எட்வின் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டான்.

நாலு ஐம்பத்தொன்பதுக்குப் பாக்கியசீலன் அந்த இடத்தைப் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

வாசல் படியில் இன்னாசி மனைவியை நிறுத்தினார்.

"ஏட்டி, நான் தூக்கத்துல உளறினேனா?"

"இல்ல. கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கப்பா சொல்லி எனக்குத் தெரியும். உங்கப்பாவும் எங்கப்பாவும் சேந்து கண்டுபிடிச்ச பாரு அது."

"உங்கப்பாவை ஒருநாளும் அங்கன பாத்ததில்லையே?"

"எனக்குப் போட நகை இல்ல அவர்ட்ட. அதுக்குப் பதிலாத்தான், உங்க கையில என்னைப் பிடிச்சுக் குடுத்த அன்னைக்கோட அங்கன போறதை விட்டுட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க."



மாமனார் சாகும்வரை ஞாயிறுதோறும் இவர் வீட்டில்தான் சாப்பிட்டார். தட்டில் அந்தப் பார் மீன்தான் இருக்கும். "எங்கன பிடிச்சது மாப்பிள்ளை?" என்று வாராவாரம் கேட்பார்.

இன்னாசி வாராவாரம் வேறு ஏதாவது ஓரிடத்தைச் சொல்வார்.

"நல்ல இடம்," என்று தலையாட்டியபடி அவர் முள்ளை எடுப்பார்.